எஃப்டிஐஆரில் 98 வந்தால் லாவெண்டர் எண்ணெய் சுத்தமானது என்று எடுத்துக்கொள்ளலாமா?

நுரைக்குமிழி:
சோப்பு செய்ய லாவெண்டர் எண்ணெய் வாங்குகிறேன். சுத்தமானதா என்று கேட்டதும் சப்ளையர் ஒரு எஃப்டிஐஆர் (அகச்சிவப்பு ஒளியை வைத்துச் செய்யும் சோதனை) ரிப்போர்ட் அனுப்பினார், அதில் "ஒப்புமை 98" என்று இருக்கிறது. ஆக 98 சதவீதம் சுத்தம், உயரமான மலையில் விளைந்தது என்பதற்கும் இதுவே சாட்சி என்கிறார். நானும் பேப்பரில் ஒரு துளி விட்டுப் பார்த்தேன், காய்ந்தபின் எண்ணெய்க் கறை இல்லை. நம்பலாமா?

லேப்_எலி:
அந்த 98 சுத்தத்தின் சதவீதமே இல்லை. மென்பொருளில் ஏற்கெனவே சேமித்து வைத்த ஒரு லாவெண்டர் நிறமாலையோடு உங்கள் எண்ணெயின் வரைபடம் எவ்வளவு ஒத்துப்போகிறது என்பதற்கான மதிப்பெண், அவ்வளவுதான். எஃப்டிஐஆர் பார்ப்பது மூலக்கூறுகளில் உள்ள பிணைப்புகளை. லாவெண்டரில் நிறைய இருக்கும் லினலைல் அசிட்டேட் ஒரு எஸ்டர், அது 1740 செமீ⁻¹ பக்கத்தில் பெரிய உச்சம் காட்டும். ஆலையில் செய்த லினலைல் அசிட்டேட்டை ஊற்றினாலும் அதே மூலக்கூறு, அதே இடத்தில் அதே உச்சம். கருவி என்ன செய்யும் பாவம்! ஒன்றிரண்டு சதவீதம் மட்டும் இருக்கும் பொருட்களும் பெரிய உச்சங்களுக்கு அடியில் மறைந்துவிடும்.

அதற்காக உதவாத கருவி என்று சொல்லவில்லை. நல்லது என்று உறுதியான பேட்ச்களின் வரைபடங்களை நீங்களே சேர்த்து வைத்திருந்தால், புதிதாக வரும் எண்ணெய் வேறுபட்டால் ஒரே துளியில் சில நிமிடங்களில் தெரிந்துவிடும். துளியை வைத்ததும் உடனே ஸ்கேன் செய்ய வேண்டும், ஆறவிட்டால் லேசான பொருட்கள் ஆவியாகி வரைபடமே மாறிப்போகும்.

பேப்பர் சோதனையில் சமையல் எண்ணெய் மாதிரி ஆவியாகாத கலப்படம் மட்டும்தான் சிக்கும்.

பழைய கெமிஸ்ட்:
ஜிசி-எம்எஸ் (எண்ணெயில் உள்ள பொருட்களைத் தனித்தனியாகப் பிரித்து, நிறையை வைத்து அடையாளம் காணும் சோதனை) ரிப்போர்ட் கேளுங்கள், கூடவே கைரல் குழாயில் (ஒரே மூலக்கூறின் இடக்கை, வலக்கை வடிவங்களைப் பிரித்துக் காட்டும் column) ஓட்டியதும் வேண்டும். லாவெண்டரில் நிறைய இருக்கும் இன்னொரு பொருளான லினலூலின் மூலக்கூறுக்கு இடக்கை வலக்கை போல இரண்டு வடிவங்கள் உண்டு. லாவெண்டர் செடி செய்வது கிட்டத்தட்ட முழுக்க ஆர் வடிவம், ஆலையில் செய்வது வழக்கமாக இரண்டும் பாதிக்குப் பாதி. சாதாரண குழாயில் இரண்டும் ஒரே உச்சமாக வரும், நிறை நிறமாலையும் ஒன்றேதான்.

ஆனால் இதுவும் முடிந்த முடிவு இல்லை. மலிவான கலப்பின லாவண்டினிலும் ஆர் வடிவம்தான் அதிகம், அதைக் காட்டிக்கொடுப்பது கூடுதலாக இருக்கும் கற்பூரம். ஹோ மர எண்ணெயிலிருந்து பிரித்த லினலூலைக் கலந்தால் அதுவும் ஆர் வடிவமாகவே இருக்கும். கலப்படக்காரர்களும் வேதியியல் படித்தவர்கள்தானே.

நுரைக்குமிழி:
தலை சுற்றுகிறது. சரி, மலையில் விளைந்தது என்று சொல்கிறாரே, அதைக் கண்டுபிடிக்க வழி உண்டா?

சி_பதிமூன்று:
எஃப்டிஐஆர் ரிப்போர்ட் ஒன்றை வைத்து மலை உயரம் சொல்வது கிளி ஜோசியம். விளைந்த இடத்தைச் சொல்ல வேண்டுமானால், எங்கே விளைந்தது என்று நிச்சயமாகத் தெரிந்த மாதிரிகள் ஏராளமாகக் கையில் இருக்க வேண்டும், அவற்றோடு ஒப்பிட்டுத்தான் பேச முடியும்.

மூலப்பொருளைக் கண்டுபிடிக்க ஐசோடோப் (ஒரே தனிமத்தின் வெவ்வேறு நிறையுள்ள அணுக்கள்) அளவீடு பெரிய உதவி. எலுமிச்சை எண்ணெயில் லெமன்கிராஸிலிருந்து எடுத்த மலிவான சிட்ராலை (எலுமிச்சை மணம் தரும் பொருள்) கலப்பார்கள். மூலக்கூறு ஒன்றுதான், ஆனால் எலுமிச்சை சி3 தாவரம், லெமன்கிராஸ் சி4 புல். ஒளிச்சேர்க்கை செய்யும் விதம் வேறு என்பதால் சிட்ராலில் உள்ள கார்பன்-13 விகிதமும் வேறுபடும், அங்கே பிடிபட்டுவிடும். பெட்ரோலியத்திலிருந்து செய்ததா என்று பார்க்க, காலப்போக்கில் சிதைந்து குறையும் கார்பன்-14. அதன் அரை ஆயுள் சுமார் 5730 ஆண்டுகள், கோடிக்கணக்கான ஆண்டுகள் மண்ணுக்குள் கிடந்த பெட்ரோலியத்தில் ஒன்றும் மிஞ்சியிருக்காது. அப்புறம், இதெல்லாம் செலவு பிடிக்கும் வேலை, ஒரு சோப்புத் தொகுதிக்காக யாரும் செய்யமாட்டார்கள். முதலில் அந்த ரிப்போர்ட் உங்கள் பாட்டிலுக்கு உரியதுதானா என்று பாருங்கள், பேட்ச் எண் இரண்டிலும் ஒன்றாக இருக்கிறதா?

நுரைக்குமிழி:
இப்போதுதான் எடுத்துப் பார்த்தேன். ரிப்போர்ட்டில் பேட்ச் எண்ணே இல்லை. அதில் போட்டிருக்கும் தேதி, பாட்டிலில் உள்ள காய்ச்சி வடித்த தேதிக்கு நான்கு மாதம் முந்தையது.

லேப்_எலி:
எண்ணெய் பிறக்கும் முன்பே 98 வாங்கிவிட்டது 🙂