ராணுவ ஆர்ஓடிசி உதவித்தொகையை வேறு கல்லூரிக்கு மாற்றியவர்கள் உண்டா?

வணக்கம். நாங்கள் இருப்பது டெக்சாஸில். மகளுக்கு அமெரிக்க ராணுவத்தின் ஆர்ஓடிசி (கல்லூரியில் படித்துக்கொண்டே ராணுவ அதிகாரியாகப் பயிற்சி பெறும் திட்டம்) 4 வருட உதவித்தொகை மார்ச்சில் கிடைத்தது, ஆனால் வெளிமாநிலக் கல்லூரி ஒன்றுக்கு. அவள் சின்ன வயதிலிருந்து ஆசைப்பட்ட நர்சிங் இடமோ பக்கத்து ஊர்க் கல்லூரியில் கிடைத்திருக்கிறது. அங்கேயும் ஆர்ஓடிசி உண்டு. உதவித்தொகையில் முழுக் கல்விக் கட்டணம், புத்தகத்துக்கு வருடம் 1,200 டாலர், கைச்செலவுக்கு மாதம் 420 டாலர் கிடைக்கும். இது இல்லாமல் எங்களால் படிக்கவைக்க முடியாது.

ஏப்ரலில் மாற்றக் கோரிக்கை அனுப்பினாள். புதிய கல்லூரியின் ஆர்ஓடிசி அதிகாரியை நேரில் பார்த்தோம், இடமிருந்தால் சேர்த்துக்கொள்வதாகச் சொன்னார். மருத்துவப் பரிசோதனையில் அவள் தகுதியும் உறுதியாகிவிட்டது. அப்புறம் ஆறு வாரமாகப் பதிலே இல்லை. இரண்டு மின்னஞ்சல், மூன்று போன், எல்லாம் வீண். ஆகஸ்டில் வகுப்பு ஆரம்பம்.

மாற்றம் உறுதியாகும் முன்பே புதிய கல்லூரியில் சேர்ந்துவிட்டால் உதவித்தொகை கைவிட்டுப் போய்விடுமா?