விஷப்பாம்பு வளர்ப்பவர்களை நேரில் பார்த்திருக்கிறீர்களா?

நொய்யல்கரை:

என் அக்கா மகன் விலங்கியல் படிக்கிறான். கொஞ்ச நாளாகப் பாம்புப் பைத்தியம். அமெரிக்காவில் வீட்டிலேயே நாகப்பாம்பு வைத்திருக்கிறார்கள், இங்கே மட்டும் ஏன் கூடாது என்று தினமும் வாக்குவாதம். நம்மூர்ப் பாம்பைப் பிடித்து வைத்துக்கொள்வதே 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். 2022 திருத்தத்துக்குப் பிறகு நல்லபாம்பு, கண்ணாடி விரியன், ஏன், சாரைப்பாம்புகூட முதல் அட்டவணையில் புலியோடு உட்கார்ந்திருக்கிறது. இதைச் சொன்னால் "சட்டம் தப்பு மாமா" என்கிறான். வளர்ப்பவர்களை நேரில் பார்த்தவர்கள் பார்த்ததை அப்படியே எழுதுங்கள். அறிவுரை வேண்டாம், அது வீட்டிலேயே தேவைக்கு மேல் கிடைக்கிறது.

கரோலைனாத் தமிழன்:

2021 ஜூன் கடைசியில் அமெரிக்காவின் வட கரோலைனாவில், ராலே நகரில் இருந்தேன். ஒரு வீட்டு வாசல் திண்ணையில் பாம்பு கிடப்பதாகச் செய்தி. சாதாரணப் பாம்பு இல்லை, ஆப்பிரிக்காவின் வரிக்குதிரை நாகம். கண்ணைக் குறிவைத்து விஷத்தைப் பீய்ச்சும் ஜாதி. இரண்டு நாள் கழித்துத்தான் பிடித்தார்கள். அதுவரை எங்கள் தெருவில் நாய்கூட வெளியே நடக்கவில்லை. தமிழ் வாட்ஸாப் குழுவில் ஒருவர் "ஆடி மாசம் நெருங்குது, பால் எடுத்து வைங்க" என்று எழுதி அக்காமார்களிடம் நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டார்.

பாம்பு யாருடையது என்று விசாரித்தபோதுதான் கதை வெளியே வந்தது. வளர்த்தவர் இருபது வயது கடந்த பையன், இணையத்தில் லட்சக்கணக்கில் ரசிகர்கள். அந்த நாகம் தப்பியது முந்தைய நவம்பரில்! ஏழு மாதம் யாரிடமும் சொல்லவில்லை. இடையில் மார்ச் மாதம் அவரிடமிருந்த பச்சை மாம்பா அவரையே கடித்து, தென் கரோலைனாவின் கொலம்பியாவில் இருக்கும் ரிவர்பேங்க்ஸ் மிருகக்காட்சி சாலையிலிருந்து விஷமுறிவு மருந்து வந்துதான் உயிர் பிழைத்தார். மிருகக்காட்சி சாலை தன் ஊழியர்களுக்காக வாங்கி வைத்த மருந்து அது. கடைசியில் அவர்மேல் 40 குற்றச்சாட்டுகள்.

உங்கள் மருமகன் கவனிக்க வேண்டியது இதைத்தான். வட கரோலைனாவில் விஷப்பாம்பு வாங்க அப்போது உரிமமே தேவையில்லை. பூட்டிய, தப்ப முடியாத, பெயர் எழுதிய பெட்டியில் வை, தப்பினால் உடனே சொல் என்பதுதான் சட்டம். சொல்ல வேண்டிய நாளில் அவர் வாயைத் திறக்கவில்லை.

தாம்பாவாசி:

ராலே கதையை வைத்து எல்லோரையும் எடைபோடாதீர்கள். ஃபுளோரிடாவில் என்னோடு வேலை பார்த்தவர் உரிமம் வாங்கி வளர்த்தார். அவர் வீட்டுக்குப் போயிருக்கிறேன்.

முதலில் உரிமம். பதினெட்டு வயது ஆகியிருக்க வேண்டும். ஏற்கெனவே அனுமதி பெற்ற ஒருவரிடம் குறைந்தது ஒரு வருட காலத்துக்குப் பரவலாக 1,000 மணி நேரம் வேலை செய்து, தேதி வாரியாகக் குறித்து வைத்திருக்க வேண்டும். நாகக் குடும்பத்தில் செய்த ஆயிரம் மணி விரியன் குடும்பத்துக்குச் செல்லாது, மறுபடி முதலிலிருந்து. விஷயம் தெரிந்தவர்களிடமிருந்து இரண்டு பரிந்துரைக் கடிதம். புயல் வந்தால் பாம்புகளை என்ன செய்வாய் என்று எழுதிக் கொடுக்க வேண்டும். வனவிலங்கு அதிகாரிகள் வந்து சோதிப்பார்கள். அவர் இதற்கே மூன்று வருடத்துக்கு மேல் அலைந்தார்.

அறையைப் பார்த்ததும் எனக்குச் சப்பென்று போய்விட்டது. படங்களில் காட்டுவதுபோல் சிவப்பு விளக்கு, மண்டை ஓடு எதுவும் கிடையாது. மருந்துக்கடைக் கிடங்கு மாதிரி இருந்தது. ஜன்னல் முழுக்க அடைத்திருந்தது, கதவின் அடி இடுக்குக்கும் ரப்பர் பட்டை. தரையில் ஒரு பொருள் இல்லை. கட்டில், பீரோ இருந்தால் தப்பிய பாம்பு அடியில் போய்விடும் என்பதால். ஒவ்வொரு பெட்டிக்கும் தனிப் பூட்டு, வெளியே இனத்தின் பெயர். கதவில் ஓர் உறை தொங்கியது. கடித்தால் ஆம்புலன்ஸ்காரர் கையில் கொடுக்க வேண்டிய தாள்: எந்தப் பாம்பு, எந்த மருந்து, யாரைக் கூப்பிட வேண்டும். அவரிடம் இருந்த ஒற்றைவளைய நாகத்துக்கான மருந்து பாங்காக்கில் தாய்லாந்து செஞ்சிலுவைச் சங்க நிலையம் தயாரிப்பது. மயாமி-டேட் தீயணைப்புத் துறையில் விஷக்கடிக்கென்றே ஒரு பிரிவும் வெளிநாட்டு மருந்துக் கையிருப்பும் இருக்கின்றன, அந்த எண்தான் தாளில் முதலில்.

சுத்தம் செய்வதைப் பார்த்தேன். பெட்டிக்குள் ஒரு சின்னப் பெட்டி. பாம்பு தானாக அதற்குள் போய்ச் சுருண்டுகொண்டதும் வெளியிலிருந்தே தாழ்ப்பாள் போட்டுவிட்டுத்தான் பெரிய பெட்டியைத் திறந்தார். கையால் தொடவே இல்லை. மனைவி வீட்டில் இல்லாத நேரத்தில் பூட்டைத் திறக்க மாட்டாராம். "தூக்கிக் காட்டுங்களேன்" என்று உடன் வந்த நண்பர் கேட்டதற்கு, வேண்டுமானால் உங்களுக்குக் காபி போட்டுக் காட்டுகிறேன் என்றார்.

சலிப்பூட்டும் ஆள். அதனால்தான் நம்பினேன்.

பாலாற்றுக்காரர்:

நம்ம பக்கத்துல உரிமத்தோட பாம்பு வச்சிருக்கிற இடம் ஒண்ணு இருக்கே, யாரும் சொல்லலையே! மாமல்லபுரம் போற வழியில வடநெம்மேலி, முதலைப் பண்ணை வளாகத்துலயே இருக்கு. இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம், 1978-ல பதிவு பண்ணது. அதுக்கு முன்னாடி இருளருங்க தோலுக்குத்தான் பாம்பு பிடிச்சாங்க. சட்டம் வந்து தோல் வியாபாரம் நின்னதும் சாப்பாட்டுக்கே வழியில்ல. பாம்பு ஆராய்ச்சியாளர் ராமுலஸ் விட்டேக்கர் கூட நின்னு ஆரம்பிச்ச சங்கம் இது.

எங்க ஊர் இருளர் பெரியவர் ஒருத்தர் அதுல உறுப்பினர். வரப்புல குந்தி மண்ணைப் பார்த்தே பொந்துல ஆள் இருக்கா இல்லையான்னு சொல்லுவார். கடப்பாரையை வச்சு மெதுவா வெட்டி, வாலைப் பிடிச்சு வெளிய எடுத்து, துணிப்பையில இறக்கிடுவார். பேச்சே இருக்காது. ஆனா நாலே ஜாதிதான் பிடிக்கலாம்: நல்லபாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை. எத்தனை பிடிக்கலாம்னு வனத்துறை உத்தரவு போடும். உத்தரவு தாமதமானா அந்த சீசன் வருமானம் போச்சு, அந்தக் கோபம் அவருக்கு எப்பவும் உண்டு. எனக்கும்தான்.

சங்கத்துல மண்பானையில வைப்பாங்க, வாயைத் துணியால கட்டி, மேல விவரம் எழுதி. சுமார் மூணு நாலு வாரம், வாரத்துக்கு ஒரு தடவை விஷம் எடுப்பாங்க. அப்புறம் அடிவயித்துச் செதிலை லேசா வெட்டி அடையாளம் வச்சுட்டுக் காட்டுல விட்டுடணும். அடையாளம் இருக்கிற பாம்பு மறுபடி கையில வந்தா பிடிக்காம விட்டுடுவாங்க. நம்ம நாட்டுல போடுற பாம்புக்கடி ஊசிக்கு விஷம் பெரும்பாலும் இங்கேருந்துதான் போகுது.

தாம்பாக்காரருக்கு ஒரு சேதி. 2017-ல உங்க ஃபுளோரிடாவுக்கே வந்தாங்களே, மாசி சடையன், வடிவேல் கோபால் ரெண்டு பேரும். அங்க ஜனங்க ஆசையா வாங்கி வளர்த்துத் தப்பவிட்ட பர்மா மலைப்பாம்பு சதுப்புநிலம் பூரா பெருகிப்போய், அதைப் பிடிக்கத்தான் கூப்பிட்டாங்க. அங்க போய்ச் சேர்ந்து ரெண்டு வாரத்துக்குள்ள 13 பிடிச்சாங்க. 2023-ல ரெண்டு பேருக்கும் பத்மஸ்ரீ. வளர்க்கிற ஆசையில ஒரு நாடு பண்ண கோளாறைச் சரிபண்ண நம்மூர்லேருந்து ஆள் போக வேண்டியிருந்துச்சு பாருங்க.

குற்றாலச் சாரல்:

செங்கோட்டை தாண்டினால் கேரளம். 2020-ல் கொல்லம் மாவட்டத்தில் ஒரு கணவன் மனைவியைக் கொல்ல முதலில் கண்ணாடி விரியனையும் பிறகு நல்லபாம்பையும் பயன்படுத்திய வழக்கு எல்லோருக்கும் நினைவிருக்கும். 2021-ல் இரட்டை ஆயுள் தண்டனை. இரண்டு பாம்பையும் பாம்பு பிடிக்கும் ஒருவரிடம் காசு கொடுத்தே வாங்கியிருந்தான். எனக்கு உறைத்தது அந்த இடம்தான். "பாம்பு பிடிக்கிறவர்" என்று ஊரே நம்பும் ஆளிடம் எத்தனை பாம்பு வந்தது, எத்தனை காட்டுக்குப் போனது என்று எந்தக் கணக்கும் இல்லை.

அதே 2020-ல்தான் அங்கே வனத்துறை பயிற்சி கொடுத்துச் சான்றிதழ் வழங்கத் தொடங்கியது. சர்ப்பா என்ற செயலியில் தகவல் சொன்னால் பக்கத்தில் இருக்கும் சான்றிதழ்க்காரர் வருகிறார். புனலூரில் என் சித்தி வீட்டுக்கு வந்தவர் கொக்கி, குழாய், பை மூன்றோடு வந்தார், பாம்பைக் குழாய்க்குள் போகவிட்டுப் பையைக் கட்டிவிட்டுக் கிளம்பினார். சித்தப்பாவுக்கு ஏமாற்றம், பத்துப் பேரைக் கூட்டி வைத்திருந்தார்.

இரவுப்பணி மருத்துவர்:

அரசு மருத்துவமனையில் இருக்கிறேன், சுருக்கமாக. நமக்குக் கிடைக்கும் விஷமுறிவு ஊசி மேலே பாலாற்றுக்காரர் சொன்ன நான்கு பாம்புகளுக்குத்தான். மலைக்காட்டுக் குழிவிரியனுக்கே அது வேலை செய்யாது. 2025 ஜூனில் மும்பை விமான நிலையத்தில் தாய்லாந்திலிருந்து வந்த பயணியிடம் சிலந்திவால் விரியன் மூன்றும், இந்தோனேசியக் குழிவிரியன்கள் 44-உம் பிடிபட்டன. யாரோ வாங்கக் காத்திருந்ததால்தானே வந்தன? அவற்றில் ஒன்று கடித்து ஒருவர் என்னிடம் வந்தால் என் அலமாரியில் அவருக்கு ஒன்றும் இல்லை. சுவாசக் கருவியும் ரத்தமும் கொடுத்துக் காத்திருப்பேன்.

வெளிநாட்டு உயிரினங்களைப் பதிவுசெய்ய 2024-ல் மத்திய அரசின் பரிவேஷ் இணையதளத்தில் விதி வந்திருக்கிறது. அது சைட்டிஸ் என்ற உலக வனவிலங்கு வணிக ஒப்பந்தத்தின் பட்டியலில் உள்ளவற்றுக்கு. யாரிடம் என்ன இருக்கிறது என்று எழுதிக்கொள்ளும் விதி, வீட்டுக்காரரிடம் மருந்து இருக்கிறதா என்று கேட்கும் விதி இல்லை.

வித்தை காட்டிக் கடிபட்டு வருபவர்கள் தனி ரகம். ஒருவர் நல்லபாம்பை பிளாஸ்டிக் குடத்தில் போட்டு வார்டுக்கே எடுத்து வந்தார். தயவுசெய்து கொண்டுவராதீர்கள். கண் இமை தொங்குவதும், சோதனைக்குழாயில் 20 நிமிடம் வைத்த ரத்தம் உறைகிறதா என்பதும் எங்களுக்குப் போதும். 2024 நவம்பரிலிருந்து தமிழகத்தில் பாம்புக்கடியை அரசுக்குத் தெரிவிப்பது கட்டாயம், தனியார் மருத்துவமனைக்கும் சேர்த்து.

நொய்யல்கரை:

எல்லோருக்கும் நன்றி. பையன் முழுக்கப் படித்தான். தாம்பாவாசியிடம் ஒரு கேள்வியாம்: அந்த நண்பர் வீடு மாறினால், அல்லது அவருக்கு ஏதாவது ஆகிவிட்டால் பாம்புகள் என்னாகும்?

தாம்பாவாசி:

நல்ல கேள்வி தம்பி. அவர் போன வருடம் வேலை மாற்றலாகி ஜார்ஜியா போனார். அங்கே அந்த மாநிலத்து விஷப்பாம்பை வைத்துக்கொள்ளலாம், வெளிநாட்டு விஷப்பாம்பை ஆசைக்கு வளர்க்க உரிமம் கொடுக்க மாட்டார்கள். நாகங்களை எல்லாம் இங்கேயே உரிமம் உள்ள இன்னொருவரிடம் எழுதிக் கொடுத்து ஒப்படைத்தார். அவர் பெயர் கதவில் தொங்கிய தாளின் பின்பக்கத்தில் ஆரம்பத்திலிருந்தே இருந்ததாம், நான்தான் திருப்பிப் பார்க்கவில்லை. ஜார்ஜியாவிலும் வாழும் டைமண்ட்பேக் என்ற கிலுகிலுப்பைப் பாம்பு ஒன்றை மட்டும் அங்கே அட்லாண்டாவுக்குக் கொண்டுபோயிருக்கிறார். புது வீட்டில் அறை தயாராகும்வரை அது பழைய பெட்டியிலேயே இருக்கிறது, பூட்டோடு.