கிரேஃபிஷ் வாளியிலேயே சாகிறது, வெந்தால் சதை மாவாகிறது: எங்கே தப்பு?

புதுவலை:

ஏரியில் கிரேஃபிஷ் (நன்னீர் சிங்கி இறால்) பிடிக்க முறையான அனுமதி இருக்கிறது. இரண்டு கம்பிவலைக் கூடுகள். இரவு போட்டு மறுநாள் மாலை எடுத்தால் கூட்டுக்கு 15, 20 தேறுகிறது. சிக்கல் அதற்குப் பிறகுதான்.

வாளி நிறைய ஏரித் தண்ணீர் ஊற்றி அதில் போட்டு வைக்கிறேன். நாலு மணி நேரத்தில் பாதி செத்துவிடுகிறது. மிச்சத்தை உப்புத் தண்ணீரில் அரை மணி ஊறவைத்தும் வாலில் கறுப்பு நரம்பு அப்படியே இருக்கிறது, கடித்தால் மண் நறநறக்கிறது. 15 நிமிடம் கொதிக்கவிட்டால் சிலது மாவு மாதிரி குழைகிறது, சிலது ரப்பர் மாதிரி இழுக்கிறது, ஓட்டை விட்டே வருவதில்லை. இரைக்கு மூன்று நாள் அழுகவைத்த மீன்தலை போடுகிறேன். எதை மாற்ற வேண்டும்?


கரையோரம்:

முதலில் அந்த வாளியை விட்டுவிடுங்கள். இதற்கு மூச்சுவிடத் தேவை ஈரம்தான், ஆழமான தண்ணீர் இல்லை. முதுகு ஓட்டுக்குள் இரு பக்கமும் இறகு மாதிரி செவுள் இருக்கிறது. அது நனைந்திருக்கும் வரை காற்றிலிருந்தே பிராணவாயு எடுத்துக்கொள்ளும். அசையாத தண்ணீரில் முப்பது நாற்பதை அடைத்தால் கரைந்திருக்கும் பிராணவாயு சீக்கிரமே தீர்ந்துவிடும். கழிவிலிருந்து வரும் அம்மோனியாவும் சேர்ந்துகொள்ளும். தண்ணீர் சூடாக ஆக அதில் கரையும் பிராணவாயு குறையும்: 10 டிகிரியில் லிட்டருக்கு 11 மி.கி. அளவுக்கு இருப்பது 25 டிகிரியில் 8 சொச்சம்தான். அதனால்தான் மாலை வெயிலில் எடுத்தது முதலில் போகிறது. வாளியில்தான் வைத்தாக வேண்டுமென்றால், பாதி உடம்பு வெளியே தெரிகிற அளவுக்குத் தண்ணீர் விடுங்கள். அதற்கு மேல் வேண்டாம்.

சரியான வழி இது. ஐஸ் பெட்டியின் அடியில் ஐஸ் பரப்பி, மேலே நனைத்துப் பிழிந்த சாக்கு ஒன்று. அதன்மேல் வெங்காயம் வருகிற வலைப்பையில் கிரேஃபிஷ், ஒன்றன்மேல் ஒன்று நசுங்காத அளவுக்கு. மேலே இன்னொரு ஈரச்சாக்கு. அடியில் இருக்கும் வடிகால் அடைப்பைத் திறந்தே வைக்க வேண்டும். மூடிவைத்தால் ஐஸ் உருகி, மறுபடி அதே வாளிக் கதை. உள்ளே 4 முதல் 8 டிகிரி இருந்தால் அசையாமல் கிடக்கும், சண்டை போடாது, ஒரு நாள் தாராளமாகத் தாங்கும். ஐஸ் நேராக மேலே படக்கூடாது.

கிளம்புவதற்கு முன் ஒவ்வொன்றாகப் பாருங்கள். பின்னாலிருந்து, கொடுக்குகள் முளைக்கும் இடத்துக்குச் சற்றுப் பின்னே, முதுகு ஓட்டின் இரு பக்கத்தையும் கட்டைவிரலாலும் ஆள்காட்டி விரலாலும் பிடித்தால் கொடுக்கு அங்கே எட்டாது. தூக்கியதும் கொடுக்கை விரித்து, வாலை உள்ளே மடக்கி அடிக்க வேண்டும். கொடுக்கும் வாலும் துவண்டு தொங்கினால் அது முடிந்தது, தூரப் போடுங்கள். குளிரில் மரத்துப்போனதும் இப்படித்தான் தொங்கும். சந்தேகமாக இருந்தால் கால் மணி நேரம் வெளியே வைத்துப் பாருங்கள். உயிர் இருந்தால் மீசையாவது அசையும்.

வாலில் தெரியும் அந்தக் கறுப்பு நரம்பு குடல்தான். உப்புத் தண்ணீர் அதைச் சுத்தம் செய்யாது. லூசியானா மாநிலப் பல்கலைக்கழகத்தின் வேளாண் மையமும் இதைத்தான் சொல்கிறது. உப்பு வெளிச்சேற்றைக் கொஞ்சம் கழுவும், அவ்வளவுதான். நன்னீர் உயிரைக் கரிப்பான தண்ணீரில் போட்டால் அது சோர்ந்துதான் போகும். குடல் காலியாக வேண்டுமென்றால் இரை போடாமல் 24 முதல் 48 மணி நேரம் சுத்தமான தண்ணீரில் விட வேண்டும். அகலமான தொட்டி, குறைந்த தண்ணீர், ஒரு காற்றுக்குமிழ் மோட்டார், நாளுக்கு இரண்டு முறை தண்ணீர் மாற்றம். குழாய்த் தண்ணீரில் குளோரின் இருந்தால் ஒரு நாள் திறந்து வைத்த பிறகு ஊற்றுங்கள். குளோரமைன் கலந்த ஊர்த் தண்ணீருக்கு அது போதாது, மீன்தொட்டிக்கு விற்கும் குளோரின் நீக்கி தேவை. இதையே ஃபிரிட்ஜில் செய்து பயனில்லை. குளிரில் செரிமானம் நின்றுவிடும், குடலில் இருப்பது அங்கேயே இருக்கும். 15 டிகிரிக்கு மேல் இருந்தால்தான் வேலை நடக்கும்.


வலைக்கண்:

வாளி பற்றிச் சொன்னது சரி. ஆனால் உயிரோடு வீட்டுக்குக் கொண்டுபோகலாமா என்பதை உங்கள் நாட்டுச் சட்டம்தான் முடிவு செய்யும். தொட்டி வாங்கும் முன் இதைப் பாருங்கள்.

சிக்னல் கிரேஃபிஷ் (கொடுக்கு மூட்டில் வெள்ளை அல்லது வெளிர்நீலப் பொட்டு, கொடுக்கின் அடிப்பக்கம் சிவப்பு), சிவப்புச் சதுப்புக் கிரேஃபிஷ் இரண்டுமே ஐரோப்பிய ஒன்றியத்தின் ஊடுருவல் இனப் பட்டியலில் 2016 முதல் இருக்கின்றன. உயிரோடு வைத்திருக்கக்கூடாது, கொண்டுபோகக்கூடாது, திரும்பத் தண்ணீரில் விடவும் கூடாது. பிரிட்டனிலும் நிலைமை இதுதான். இங்கிலாந்தில் கூடு வைக்கவே சுற்றுச்சூழல் முகமையின் அனுமதியும் கூட்டுக்கு அடையாளச் சீட்டும் வேண்டும். நீர்நாய் மாட்டாமலிருக்கக் கூட்டின் வாய் 95 மி.மீ.க்கு மேல் இருக்கக்கூடாது. அங்கே இருக்கும் வெள்ளைக்கொடுக்கு இனம் 1981ஆம் ஆண்டுச் சட்டப்படி பாதுகாக்கப்பட்டது, தொடவே கூடாது. இனம் எது என்று தெரியாமல் கூடு போடாதீர்கள்.

இந்தக் கெடுபிடிக்குக் காரணம் கிரேஃபிஷ் கொள்ளைநோய். அஃபனோமைசஸ் அஸ்டாசி என்ற நீர்ப்பூஞ்சை மாதிரியான ஒன்று. அமெரிக்க இனங்கள் இதைச் சுமந்தபடி பிழைத்திருக்கும். ஐரோப்பிய இனங்களுக்குத் தொற்றினால் ஓடை முழுதும் காலி. வித்துகள் ஈரவலையில் ஒட்டிக்கொண்டே அடுத்த ஏரிக்குப் போகும். கூடு, கயிறு, பூட்ஸ் எல்லாவற்றையும் சேறு போகத் தேய்த்துக் கழுவி, முடிச்சுகளின் உள்ளேயும் ஈரமில்லாமல் காயவைத்த பிறகே வேறு நீரில் இறக்குங்கள். இதில் மட்டும் சோம்பல் வேண்டாம்.

இனி இரை. அழுகின மீன் கூடவே கூடாது. இவை செத்ததைத் தின்னும் என்பதால் நாற்றம் பிடித்ததுதான் வேண்டும் என்று பலரும் நினைக்கிறார்கள். புதிதாக வெட்டிய, எண்ணெய்ப்பசை உள்ள மீனுக்குத்தான் அதிகம் வரும். கானாங்கெளுத்தித் தலை நல்லது. கூட்டுக்கு 150 கிராம் போதும். துளையிட்ட டப்பாவில் பாதி, வெளியே கட்டியது பாதி. வெளியே இருப்பது தின்ன, டப்பாவில் இருப்பது வாசனைக்கு. தண்ணீர் 21 டிகிரியைத் தாண்டினால் மீன் சீக்கிரம் கரைந்துபோகும். அப்போது லூசியானாப் பண்ணைகளில் செய்வது போலக் குச்சி வடிவத் தயாரிப்பு இரை மேல்.

இரவு போட்டு மறுநாள் மாலை எடுப்பதும் தப்பு. இரவில்தான் இவை மேயும். விடிந்த பிறகு இரை தீர்ந்த கூட்டில் இருப்பவை வந்த வழியைத் தேடிப் பிடித்து வெளியேறும். அந்தி மயங்கும்போது போட்டு, விடிந்ததும் எடுங்கள். புனல்வாயின் உள்முனை 5 செ.மீ. விட்டம் இருக்கட்டும், அகன்றால் வெளியேறுவது எளிது. பாறை இடுக்கு, வேர் தொங்கும் கரை, மூழ்கின மரம் பக்கம் கூட்டைத் தரையோடு படிய வையுங்கள். சாய்ந்து நின்று வாய் தரையிலிருந்து ஒரு சாண் தூக்கியிருந்தால் காலையில் இரை தொடாமல் இருக்கும். வெயில்கால ஆழமற்ற நீரில் மட்டும் மேல்நுனி தண்ணீருக்கு வெளியே தெரிகிற உயரக் கூடு வேண்டும். அடித்தண்ணீரில் காற்று குறைந்தால் ஏறி வந்து பிழைத்துக்கொள்ளும், ஆமை மாட்டினாலும் மூச்சுவிடும்.

கையால் பிடிப்பதானால் ஒரே விஷயம்: பயந்தால் வாலை அடித்துப் பின்னோக்கிப் பாயும். அள்ளுவலையை வால்பக்கம் வைத்து, முன்னால் குச்சியைக் காட்டுங்கள், தானாக வலைக்குள் போய் விழும்.


கொதிகலம்:

சமையல் பாகம் நான் சொல்கிறேன். குழைவதற்கு இரண்டு காரணம். ஒன்று, கொதிநீரில் போகும் முன்பே செத்தது. தலைக்குள் இருக்கும் மஞ்சள் செரிமானச் சுரப்பி செத்த பிறகு கசிந்து, அதன் நொதிகள் வால் சதையைக் கரைக்க ஆரம்பிக்கும். இரண்டு, சின்னப் பாத்திரத்தில் ஒரேயடியாகக் கொட்டுவது. தண்ணீர் ஆறிப்போய், மறுபடி மெதுவாகச் சூடேறும் நேரமெல்லாம் அந்த நொதிகள் வேலை செய்துகொண்டே இருக்கும். ரப்பர் ஆவது 15 நிமிடக் கொதியால். அது மூன்று மடங்கு அதிகம்.

கிலோவுக்கு 4 லிட்டர் தண்ணீர், 120 முதல் 150 கிராம் உப்பு. உயிருள்ளதை முதலில் ஐஸும் தண்ணீரும் கலந்த கூழில் 20 நிமிடம் அமிழ்த்துங்கள். உணர்விழந்து அசைவு நிற்கும், அதற்கும் வேதனை குறையும், கொடுக்கும் உதிராது. தளதளவென்று கொதிக்கும்போது போட்டு மூடுங்கள். மறுபடி கொதி வந்த நொடியிலிருந்து எண்ண வேண்டும்: சிறியதற்கு 3 நிமிடம், உள்ளங்கை நீளத்துக்கு 5. அடுப்பை அணைத்து, இரண்டு கை ஐஸ் போட்டு, 10 முதல் 15 நிமிடம் அதிலேயே விடுங்கள். அணைத்தபோது மிதக்கும், உப்புச்சாறு உள்ளே இறங்க இறங்க ஒவ்வொன்றாக அடியில் போய் உட்காரும். பெரும்பாலானவை மூழ்கியதும் வடித்துவிடலாம். இதே ஐஸ்தான் சதை ஓட்டோடு ஒட்டுவதையும் குறைக்கும்.

உயிரோடு கொண்டுபோக முடியாத இடத்தில் கரையிலேயே குளிரூட்டி, தலையை நீளவாக்கில் ஒரே வெட்டாகப் பிளந்து கொன்று, வாலைத் திருகி எடுத்து, உடனே நரம்பையும் உருவிவிடுங்கள். வால் விசிறியில் நடுமடலைப் பிடித்து, கால் வட்டம் இடப்பக்கம், கால் வட்டம் வலப்பக்கம் திருகி, நேராக இழுத்தால் குடல் முழுதாக வரும். சாய்த்து இழுத்தால் பாதியில் அறும். வால்களை வலைப்பையில் போட்டு ஐஸ்மேல் வைத்து, அன்றே சமைக்க வேண்டும். செரிமானச் சுரப்பி தலையோடு போய்விடுவதால் குழையும் பயமும் இல்லை.

சதை அதிகம் தேறும் என்று எதிர்பார்க்காதீர்கள். ஒரு கிலோவுக்கு உரித்த வால் சதை 150 கிராம் வந்தால் நல்லது. அதனால் ஓட்டை எறியாதீர்கள். கண்ணுக்குப் பின்னாலிருக்கும் மணல்பை, செவுள் இரண்டையும் நீக்கி, மிச்சத்தை இடித்து, எண்ணெயில் 6, 7 நிமிடம் செம்மணம் வர வறுத்து, ஒன்றரை லிட்டர் தண்ணீரில் 30 நிமிடம். மெல்லிய கொதி. அதற்கு மேல் போனால் கசக்கும். மசாலாவை இந்தச் சாற்றிலேயே கொதிக்கவைத்து, வெந்த சதையைக் கடைசி 2 நிமிடத்தில் சேருங்கள்.

வெந்த பின் வால் நேராக இருப்பதெல்லாம் முன்பே செத்தது, ஒதுக்கிவிடுங்கள்.


கரையோரம்:

கடைசி வரியில் மட்டும் எனக்கு ஒப்புதல் இல்லை. பாத்திரத்தில் நெருக்கமாக அடைத்தால் உயிரோடு போட்டதும் நேராக வேகும். உரித்துப் பாருங்கள்: சதை இறுக்கமாக இருந்தால் நல்லது, விரலில் பசையாக ஒட்டினால் எறியுங்கள்.


கொதிகலம்:

சரி, ஏற்கிறேன். சதையைப் பார்ப்பதே சரியான சோதனை. கொதிநீருக்கு முன்பே பொறுக்கியிருந்தால் அந்தக் கேள்வியும் வராது.


புதுவலை:

மிக்க நன்றி. இரண்டு சந்தேகம். தலைக்குள் இருக்கும் மஞ்சள் பசையைச் சாப்பிடலாமா? வால் சதையைப் பச்சையாக எலுமிச்சைச் சாற்றில் ஊறவைத்துச் சாப்பிடுவது பற்றிப் படித்தேன், அது சரியா?


நீர்ச்சோதனை:

இரண்டாவது வேண்டவே வேண்டாம். கிரேஃபிஷின் உடம்பில் நுரையீரல் தட்டைப்புழுவின் குஞ்சுப்பருவம் இருக்கலாம். வட அமெரிக்காவில் இருப்பது பாராகோனிமஸ் கெல்லிகாட்டி. 2006 முதல் 2010 வரை மிசௌரி மாநிலத்தில் மட்டும் 9 பேருக்கு வந்தது. எல்லோரும் பச்சையாகவோ அரைவேக்காட்டிலோ கிரேஃபிஷ் தின்றவர்கள். காய்ச்சல், இருமல், நெஞ்சில் நீர் என்று காசநோய் போலவே தெரிவதால் நோயைக் கண்டுபிடிக்கவே காலம் ஆகும். எலுமிச்சை, வினிகர், மது, உப்பு எதையும் நம்ப முடியாது. சதையின் நடுவில் 63 டிகிரி எட்ட வேண்டும். கொதிகலம் சொன்ன முறையில் அது எட்டிவிடும். பச்சை வாலை நறுக்கிய பலகை, கத்தியைச் சோப்பு போட்டுக் கழுவாமல் காய்கறி வெட்டாதீர்கள்.

மஞ்சள் பசை ருசியானதுதான். ஆனால் தண்ணீரில் இருக்கும் காட்மியம் போன்ற உலோகங்களும், நீலப்பச்சைப் பாசியின் நஞ்சும் அங்கேதான் சேரும். அந்தப் பாசி நஞ்சு கொதித்தாலும் அழியாது. ஏரிமேல் பச்சைப் பெயிண்ட் கொட்டின மாதிரி படலம் தெரிந்தால் அந்த நாட்களில் கூடே போட வேண்டாம். தொழிற்சாலைக் கழிவு, பழைய சுரங்கம் பக்கமுள்ள நீரானால் எப்போதுமே தவிர்ப்பது நல்லது.

இறால், நண்டு ஒவ்வாதவருக்கு இதுவும் ஒவ்வாது. ஒவ்வாமை தரும் டிரோபோமயோசின் புரதம் வேகவைத்தாலும் மாறாது, ஓட்டுச் சாற்றிலும் இருக்கும். சாறு சேர்த்த குழம்பைப் பரிமாறும் முன் இதைக் கேட்டுவிடுங்கள், சதை கண்ணில் படாததால் சாப்பிடுபவருக்குத் தெரியாது.

சாப்பிட்ட ஒரு நாளுக்குள் கடுமையான தசைவலியும் காபி நிறத்தில் சிறுநீரும் வந்தால் காத்திருக்காமல் மருத்துவமனைக்குப் போங்கள். அரிதுதான், ஆனால் தசை சிதைந்து சிறுநீரகத்தைப் பாதிக்கும். என்ன சாப்பிட்டீர்கள் என்பதை மருத்துவரிடம் முதல் வார்த்தையாகச் சொல்லுங்கள்.