சின்ன ஸ்கூல் டிஸ்ட்ரிக்டில் வீடு வாங்கலாமா? வெள்ளிக்கிழமையோடு ஆப்ஷன் முடிகிறது, அவசரம்

புதுசா_வந்தவன்:
எல்லோருக்கும் வணக்கம். அமெரிக்கா வந்து ஏழு மாதம் ஆகிறது. ஒரு வீட்டுக்கு ஆஃபர் போட்டோம், ஏற்றுக்கொண்டார்கள். அந்த வட்டாரப் பள்ளிகளை நடத்துகிற ஸ்கூல் டிஸ்ட்ரிக்ட் சின்னது, மூன்றே எலிமென்டரி (தொடக்கப் பள்ளி). ‘ஏ ரேட்டிங், யோசிக்கவே வேண்டாம்’ என்றார் ஏஜென்ட். நேற்று அந்தத் தெருவில் குடியிருக்கிற ஒருவரிடம் பேச்சுக் கொடுத்தால், டிஸ்ட்ரிக்ட் பட்ஜெட்டில் பெரிய துண்டு விழுந்திருக்கிறது, ஒரு எலிமென்டரியை மூடப் போகிறார்கள் என்கிறார். ராத்திரி முழுக்கத் தூக்கம் இல்லை. மனைவி என்னோடு பேசுவதையே நிறுத்திவிட்டாள், வீட்டைப் பிடித்தது நான்தான். ஏ வாங்கிய டிஸ்ட்ரிக்ட் எப்படி ஸ்கூலை மூடும்? காரணம் சொல்லாமல் விலகிக்கொள்ளத் தந்த கெடு, ஆப்ஷன் பீரியட், வெள்ளிக்கிழமை சாயங்காலம் முடிகிறது. வாங்கவா, விடவா?

எடிசன்_மாமி:
பதறாதீர்கள் தம்பி. நியூஜெர்சியில் இது வருஷா வருஷம் நடக்கிற கூத்து. இங்கே 600-ஐ ஒட்டி டிஸ்ட்ரிக்ட் இருக்கிறது. சிலதில் ஒரே ஒரு பள்ளிக்கூடம்தான், அதற்கும் தனி போர்டு (நிர்வாகக் குழு), தனி பட்ஜெட். வரியை வருஷத்துக்கு 2 சதவீதத்துக்கு மேல் ஏற்றக் கூடாது என்று 2010-ல் உச்சவரம்பு வைத்தார்கள். டீச்சர்களின் இன்சூரன்ஸ் செலவு 2 சதவீதத்தோடு நிற்குமா? அப்புறம் 2018-ல் வந்த சட்டத்தால் பல ஊர்களுக்கு மாநிலம் தரும் பணம் ஏழு வருஷம் படிப்படியாகக் குறைந்தது. வீட்டு வரி சராசரி 2024-ல் 10,000 டாலரைத் தாண்டிவிட்டது, அதில் பாதிக்கு மேல் ஸ்கூலுக்குத்தான். நாங்கள் 1998 ஜனவரியில் வந்தோம். முழங்கால் வரை பனி, கார் கிடையாது. பெரியவனை ஸ்ட்ரோலரில் வைத்துத் தள்ளிக்கொண்டே போய் ஸ்கூலில் பதிந்தேன். தடுப்பூசிச் சீட்டில் டாக்டர் சீல் இல்லை என்று திருப்பி அனுப்பினார்கள். அதையே தாங்கினோம்.

பிளானோ_பாண்டி:
மாமி, அவர் ‘ஆப்ஷன் பீரியட்’ என்கிறார். டெக்சாஸாகத்தான் இருக்கும். எந்த மாநிலம், பிள்ளை எத்தனாவது, ஒன்றும் சொல்லாமல் கேட்டால் நாங்கள் என்ன ஜோசியமா பார்க்க முடியும்? என் பதில் ஒன்றுதான்: ஏழு மாதத்தில் வீடு வாங்காதே. வாடகைக்கு இரு. நான் 2009-ல் வந்தபோது கிரெடிட் ஸ்கோரும் இல்லை, லைசென்ஸும் இல்லை. 75-ம் நெடுஞ்சாலை சர்வீஸ் ரோட்டில் ஆகஸ்ட் வெயிலில் இருபது பவுண்டு சோனா மசூரி மூட்டையைத் தோளில் போட்டுக்கொண்டு நடந்தேன். ஒருத்தர் காரை நிறுத்தி, போலீஸைக் கூப்பிடவா என்று கேட்டார். மூன்று வருஷம் கழித்துத்தான் வீடு.

புதுசா_வந்தவன்:
மன்னிக்கவும், டெக்சாஸ்தான். டல்லாஸுக்கு வடக்கே. வாடகை வீட்டை இந்த மாதத்தோடு காலி செய்கிறோம் என்று எழுதிக் கொடுத்தாயிற்று.

யாழ்_தம்பி_டொராண்டோ:
அண்ணை, எங்கட பக்கம் வாங்கோ. ஒன்ராறியோவில பள்ளிக்கூடக் காசு மாகாணம்தான் குடுக்கிறது, ஊருக்கு ஊர் இந்த அடிபாடு இல்லை. எண்டு சொல்ல ஆசைதான். ஆனா 2025 ஜூனில டொராண்டோ போர்டையே கணக்குச் சரியில்லையெண்டு மாகாணம் கையில எடுத்திட்டுது. நாங்கள் வாக்குப் போட்டுத் தெரிஞ்செடுத்த ஆக்கள் சும்மா இருக்கினம். சின்னது பெரிசு எண்டெல்லாம் இல்லை.

கும்பகோணம்_காபி:
காசு இல்லை என்பதெல்லாம் பொய் ப்ரோ. பிளானோ பக்கத்து ஊர் ஆலனில் ஹைஸ்கூல் ஃபுட்பால் ஸ்டேடியம் 60 மில்லியன் டாலரில் கட்டினார்கள். 2012-ல் திறந்து 2014-ல் காங்கிரீட்டில் விரிசல் என்று மூடி, ரிப்பேர் பார்த்து மறுபடி திறந்தார்கள். அதற்குக் காசு வரும், நாலாம் வகுப்பு டீச்சருக்கு வராது. என் பையன் ஸ்கூலில் லைப்ரரியன் வேலையையே எடுத்துவிட்டார்கள். வாரத்தில் இரண்டு நாள் பூட்டு. ஆனால் ஸ்கோர்போர்டு புதுசு!

பின்பெஞ்சு_அம்மா:
காபி சார், கோபம் நியாயம்தான், கணக்கு வேறு. டெக்சாஸ் பிராப்பர்ட்டி டாக்ஸில் ஸ்கூல் பங்கு இரண்டு துண்டாக வரும். ஒன்று எம் அண்ட் ஓ: சம்பளம், கரண்ட், பஸ் டீசல். இன்னொன்று ஐ அண்ட் எஸ்: பாண்ட் கடனை அடைக்க. பாண்டில் வாங்கிய பணத்தைச் சம்பளத்துக்குத் தொடவே கூடாது. வீடு கட்டப் பாங்கில் வாங்கிய கடனை எடுத்து மளிகைக் கடைக்குக் கொடுக்க முடியாத மாதிரி. ஸ்டேடியம் பளபள, லைப்ரரி பூட்டு என்பது இதனால்தான். பாண்டைக் கேட்டது போர்டு, ஓகே சொன்னது ஓட்டுப் போட்டவர்கள். வாக்குச்சீட்டிலேயே ‘இது சொத்து வரி உயர்வு’ என்று அச்சடித்திருக்கும், 2019 முதல் அப்படித்தான்.

நான் எங்கள் ஊர் போர்டு கூட்டத்தில் நாலு வருஷமாகக் கடைசி வரிசையில் உட்காருகிறேன். ஒரு நாள் எங்கள் தெரு பஸ்ஸை எடுத்துவிட்டார்கள், ஏன் என்று கேட்கப் போனேன், அப்படியே பழகிவிட்டது. சொல்கிறேன் தம்பி. ஏ என்பது மாநிலக் கல்வித் துறை, டிஇஏ, பிள்ளைகளின் ‘ஸ்டார்’ என்ற மாநிலத் தேர்வை முக்கியமாக வைத்துப் போடுவது. எத்தனை பேர் தேறினார்கள், போன வருஷத்தைவிட எவ்வளவு முன்னேறினார்கள், பின்தங்கிய பிள்ளைகள் எட்டிப் பிடித்தார்களா, ஹைஸ்கூல் பிள்ளைகள் படித்து முடித்துக் கல்லூரிக்கோ வேலைக்கோ தயாரானார்களா, இப்படி. கஜானாவைப் பற்றி அந்த ஏ ஒரு வார்த்தை சொல்லாது. நன்றாகப் படிக்கிற பிள்ளைகள் இருக்கிற ஊரில் வீட்டு விலை ஏறும். சின்னக் குழந்தை வைத்திருக்கிறவர்களால் அங்கே வாங்க முடியாது, இன்னும் வடக்கே போவார்கள். பழைய ஆட்கள் வீட்டை விற்க மாட்டார்கள். பத்து வருஷத்தில் கேஜி வகுப்பு காலியாகும். பிளானோவில் 2024 ஜூனில் நாலு ஸ்கூலை மூட முடிவெடுத்தார்கள், அதே வருஷம் கோப்பலில் ஒரு எலிமென்டரி. இரண்டும் நம் ஆட்கள் அடித்துப்பிடித்து வீடு வாங்கிய ஊர்கள்தானே?

இனி பணம். மாநிலம் தலைக்கு இவ்வளவு என்று தருகிறது. அடிப்படைத் தொகை 2019-லிருந்து 6,160 டாலரிலேயே நின்றது. விலைவாசி எங்கேயோ போயிற்று. 2025-ல் ஏற்றினார்கள், 55 டாலர்! (டீச்சர் சம்பளத்துக்குத் தனியாகக் கொடுத்தார்கள். 5,000 பிள்ளைகளுக்குள் இருக்கிற சின்ன டிஸ்ட்ரிக்ட் என்றால் ஐந்து வருஷ அனுபவமுள்ள டீச்சருக்கு 8,000, பெரிய டிஸ்ட்ரிக்டில் 5,000. உங்கள் ஊருக்கு அது நல்ல சேதி.) கோவிட் சமயத்து மத்திய அரசுப் பணம் 2024 செப்டம்பரோடு முடிந்தது. நூறு பிள்ளை குறைந்தால் அடிப்படைத் தொகையிலேயே 6 லட்சம் டாலருக்கு மேல் போச்சு. ஆனால் அந்த நூறு பேர் ஒரே வகுப்பிலிருந்தா போகிறார்கள்? இங்கே இரண்டு, அங்கே மூன்று. எந்த டீச்சரையும் குறைக்க முடியாது, ஏசியையும் அணைக்க முடியாது. கடைசியில் ஒரு கட்டடத்தை மூடினால்தான் மிச்சம்.

பிளானோ_பாண்டி:
அக்கா, இன்னொன்று. பணம் பெயர்ப்பட்டியலுக்கு இல்லை, வருகைக்கு. நம் ஆட்கள் டிசம்பரில் ஊருக்குப் போனால் பொங்கல் முடித்து, ஒரு கல்யாணமும் பார்த்துவிட்டு ஜனவரிக் கடைசியில் வருவார்கள். அத்தனை நாளும் டிஸ்ட்ரிக்டுக்கு நஷ்டம். அப்புறம் பட்ஜெட்டில் துண்டு என்று நாமே புலம்புவது.

கும்பகோணம்_காபி:
ஒன்றரை லட்ச ரூபாய் டிக்கெட் போட்டு இரண்டு வாரத்தில் திரும்பச் சொல்கிறீர்களா? அம்மாவைப் பார்ப்பதற்கும் அட்டென்டன்ஸா? எனக்கு லெட்டரே வந்தது.

பின்பெஞ்சு_அம்மா:
வரத்தான் செய்யும். 90 சதவீத நாள் வராவிட்டால் கிரெடிட், அதாவது அந்த வகுப்பைப் படித்ததாகக் கணக்கு வைப்பது, சிக்கலாகும்.

எடிசன்_மாமி:
அதைவிட முக்கியம், ஸ்கூல் ஃபார்மில் வீட்டில் பேசும் மொழி கேட்பார்கள். இங்கிலீஷ் என்றே எழுதுங்கள். தமிழ் என்றால் குழந்தையைத் தனி வகுப்பில் போட்டுவிடுவார்கள்.

பிளானோ_பாண்டி:
தப்பு மாமி. என் பெண்ணுக்குத் தமிழ் என்றுதான் எழுதினேன். ஒரு டெஸ்ட் வைத்தார்கள், அரை மணி நேரம், முடிந்தது.

பின்பெஞ்சு_அம்மா:
உள்ளதை எழுதுங்கள். டெக்சாஸில் நாலு வயதுக் குழந்தைக்கு இங்கிலீஷ் பேசிப் புரிந்துகொள்ள வராது என்றால் ப்ரீ-கே, அதாவது கேஜிக்கு முந்தைய வகுப்பு, இலவசம். பொய் எழுதினால் அதுவும் போச்சு. தம்பி, இன்னும் பிள்ளைகள் வயதைச் சொல்லவில்லை.

புதுசா_வந்தவன்:
மூத்தவள் நாலாம் வகுப்பு. சின்னவனுக்குப் போன ஜூனில் நாலு முடிந்தது, தமிழ் மட்டும்தான் பேசுவான். மாதம் 900 டாலருக்கு டேகேர் பார்த்துவைத்திருக்கிறேன். இலவசம் என்று யாருமே சொல்லவில்லையே! எச்1பி விசா, கேட்பார்களா?

பின்பெஞ்சு_அம்மா:
விசாவெல்லாம் கேட்கக் கூடாது. ஆவணம் இல்லாத பிள்ளைக்குக்கூடப் பள்ளியில் இடம் மறுக்கக் கூடாது என்று 1982-லேயே உச்ச நீதிமன்றம் தீர்ப்பு சொல்லிவிட்டது, அதுவும் டெக்சாஸில் டைலர் ஊர் வழக்கில். பிறப்புச் சான்று, தடுப்பூசிச் சீட்டு, வீட்டு முகவரிக்கு ஒரு பில், போதும்.

இன்றைக்குச் செய்ய வேண்டியது இது. முதலில் டிஸ்ட்ரிக்ட் தளத்தில் அந்த வீட்டு முகவரியைப் போட்டு எந்த எலிமென்டரி என்று பாருங்கள். ஊர்ப் பெயரை நம்பாதீர்கள். ஃப்ரிஸ்கோ ஊருக்குள்ளேயே நாலு டிஸ்ட்ரிக்ட் இருக்கிறது, இர்விங் ஊரின் வேலி ராஞ்ச் பகுதியில் சில தெரு கோப்பல் டிஸ்ட்ரிக்ட். பிறகு ‘ஃபண்ட் பேலன்ஸ்’, அதாவது டிஸ்ட்ரிக்டின் கையிருப்பு, எவ்வளவு என்று தேடுங்கள், ஆடிட் அறிக்கையில் இருக்கும். மூன்று மாதச் செலவுக்குக் கையில் இருந்தால் பயப்பட வேண்டாம். வருஷா வருஷம் கரைந்துகொண்டே வந்தால் யோசிக்கலாம். நிதிக்கென்றே டிஇஏ தனி மதிப்பெண் போடுகிறது, ‘ஃபர்ஸ்ட் ரேட்டிங்’ என்பார்கள். அதையும் பாருங்கள். கடந்த ஐந்து வருஷத்தில் பிள்ளைகள் எண்ணிக்கை எப்படி மாறியது என்று கேளுங்கள்.

பிரச்சினையை மேஜையில் போட்டுப் பேசி, வலிக்க வலிக்க ஸ்கூலை மூடுகிற போர்டு எனக்குப் பயமில்லை. மூடி மறைக்கிற போர்டுதான் பயம். டல்லாஸுக்குத் தெற்கே வில்மர்-ஹட்சின்ஸ் என்று ஒரு சின்ன டிஸ்ட்ரிக்ட் இருந்தது. கஜானா காலி, டீச்சர்களே தேர்வில் விடை சொல்லிக் கொடுத்தார்கள், கடைசியில் 2006-ல் டிஸ்ட்ரிக்டையே கலைத்து டல்லாஸோடு சேர்த்துவிட்டார்கள். ஆகவே கூட்டத்துக்குப் போங்கள். அஜெண்டா தளத்தில் இருக்கும். பேசப் பெயர் கொடுக்கலாம், அதற்குக் குடியுரிமை வேண்டாம். ஓட்டுப் போடத்தான் வேண்டும். யாராவது ஃபார்ம் நீட்டினால் தப்பித் தவறிக்கூட ஓட்டர் பதிவில் கையெழுத்துப் போட்டுவிடாதீர்கள்.

புதுசா_வந்தவன்:
வியாழன் இரவு எழுதுகிறேன். இன்றைக்கே கூட்டம் இருந்தது, நானும் மனைவியும் போனோம். ஏழு பேர் மேடையில், நடுவில் தலைவர், ஓரத்தில் சூப்பரின்டென்டன்ட். பேசுகிறவர்களுக்கு மூன்று நிமிஷம், சிவப்பு விளக்கு எரிந்தால் மைக் கட். ஒரு தாத்தா அவருடைய அம்மா அந்த ஸ்கூலில் சமையல்காரராக இருந்ததைச் சொல்லி முடிப்பதற்குள் விளக்கு எரிந்துவிட்டது. யாரும் கட் செய்யவில்லை.

மூடுவது எங்கள் ஸ்கூல் இல்லை. ஆனால் அங்கிருந்து வருகிற பிள்ளைகளில் பாதிப் பேர் எங்கள் ஸ்கூலுக்குத்தான். மூத்தவள் ஐந்தாவது போகும்போது வகுப்பு நிரம்பியிருக்கும். ஃபண்ட் பேலன்ஸ் நாலு மாதத்துக்கு இருக்கிறது. மூன்று வருஷமாகக் குறைகிறது, மூடினால் நிற்கும் என்று காட்டினார்கள். விற்பவரிடம் ஆப்ஷனை மூன்று நாள் நீட்டிக்கக் கேட்டிருக்கிறேன், கூடுதல் பணம் கொடுத்து. திரும்பும்போது காரில் மனைவி முதல் முறையாகப் பேசினாள். சமையலறையில் எக்ஸாஸ்ட் வெளியே போகிறதா என்று இன்ஸ்பெக்டரிடம் கேட்டீர்களா என்றாள்.

பின்பெஞ்சு_அம்மா:
கேளுங்கள், பாதி வீட்டில் போகாது. வாங்கினால் லைசென்ஸில் முகவரியை உடனே மாற்றி ஹோம்ஸ்டெட் எக்ஸெம்ப்ஷனுக்கு, சொந்த வீட்டில் குடியிருக்கிறவர்களுக்கான வரிச் சலுகைக்கு, எழுதிப் போடுங்கள். ஸ்கூல் வரியில் வீட்டு மதிப்பிலிருந்து 1,40,000 டாலர் கழியும், விசா பார்ப்பதில்லை. நாளை காலை டேகேருக்கு அட்வான்ஸ் கட்டுவதற்கு முன் ஸ்கூலுக்கு ஒரு போன் போட்டு, ப்ரீ-கேயில் இடம் இருக்கிறதா என்று கேளுங்கள்.

எடிசன்_மாமி:
அப்போ நியூஜெர்சி இல்லையா?