புது ஃப்ளையர் எங்களை நம்பி மேலே நிற்க மாட்டேன் என்கிறாள், என்ன செய்யலாம்?

எங்கள் சியர்லீடிங் அணியில் 16 பேர். ஆறு வாரம் முன்பு அதில் 5 பேர் புதிதாகச் சேர்ந்தார்கள். வாரம் 3 நாள், இரண்டு இரண்டு மணி நேரம் பயிற்சி. போட்டிக்கு இன்னும் 7 வாரம். நான் கேப்டன். ஒருத்தியை மற்றவர்கள் தூக்கி நிறுத்தும் ஸ்டண்டில் நான் பேக்ஸ்பாட்: பின்னால் நின்று, மேலே நிற்கும் ஃப்ளையரின் கணுக்காலைப் பிடிப்பேன், விழுந்தால் அவள் தலையையும் தோளையும் காப்பது என் பொறுப்பு.

தோள் உயரம் வரை புது ஃப்ளையர் நன்றாக ஏறுகிறாள். கீழே நின்று அவளைத் தாங்கும் பேஸ் இருவரும் கையை முழுதாக நீட்டியதும் கீழே பார்த்து உடம்பைத் தளர விடுகிறாள். பாரம் ஒரு பக்கமாகச் சாய்கிறது, உடனே இறக்கிவிடுகிறோம். பழைய ஃப்ளையரோடு இதே மூவர் தடுமாறியதே இல்லை. அதனால் உத்தியை மட்டும் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. இடைவேளையில் புதியவர்கள் ஒரு மூலை, நாங்கள் ஒரு மூலை. எட்டு வரை எண்ணும்போதுகூட அவர்கள் குரல் எழும்புவதில்லை.

சேர்ந்து சாப்பிடப் போனோம், அவர்கள் தங்களுக்குள்ளேயே பேசிக்கொண்டார்கள். வார்ம்-அப்பில் ஜோடி மாற்றினேன், அங்கே சிரிப்பு வந்தது, ஸ்டண்ட் தொடங்கியதும் போய்விட்டது. வாட்ஸ்அப் குழுவில் போன வருடக் கதைகளே ஓடின, அது எங்கள் தவறு, நிறுத்திவிட்டோம். அவளிடம் தனியாகக் கேட்டால் "ஒன்றுமில்லை அக்கா" என்கிறாள். பயிற்சியாளர் பொறுத்திரு என்கிறார்.

இரண்டு வாரம் தோள் உயரத்திலேயே நிறுத்தி, ஒவ்வொரு ஸ்டண்ட் குழுவிலும் புதியவரையும் பழையவரையும் கலந்து போடவா, இல்லை இதே நால்வரைப் பிரிக்காமல் தொடரவா? உங்கள் அணியில் எது பலித்தது?