புதுப்பிப்பு: கேப் சிக்கும் தொல்லை தீர்ந்தது (1860 ஆர்மி)

போன மாதம் எழுதியது இதுதான்: என் கோல்ட் 1860 ஆர்மி நகல் ரிவால்வர் இரண்டு மூன்று சூட்டுக்கு ஒருமுறை இறுகிவிடுகிறது, வெடித்த கேப்பின் (சுத்தியல் அடித்ததும் வெடித்து மருந்தைப் பற்றவைக்கும் சின்னச் செப்பு மூடி) துண்டு சுத்தியலின் இடுக்கில் விழுந்துவிடுகிறது. யோசனை சொன்ன எல்லோருக்கும் நன்றி.

குற்றம் நிப்பிளில், அதாவது கேப்பை மாட்டும் சிறு முனையில் இருந்தது. 11ஆம் எண் கேப் அதில் தளர்வாக நின்றது. நான் அதை விரலால் நசுக்கிப் பொருத்தி வந்தேன். இப்போது நிப்பிள்களை மாற்றி, கச்சிதமாக உட்காரும் 10ஆம் எண் கேப் போடுகிறேன். அப்புறம், சுத்தியலை இழுக்கும்போது குழலை இலக்குப் பக்கமாகவே வைத்து, முனையை மட்டும் கொஞ்சம் மேலே தூக்குகிறேன். துண்டுகள் வெளியே விழுந்துவிடுகின்றன. நேற்று 30 சுட்டதில் ஒருமுறைதான் சிக்கியது!

நிரப்பும் முறை இது: சுழல் உருளையின் ஒவ்வொரு அறைக்கும் 25 கிரெயின் (சுமார் 1.6 கிராம்) கருமருந்து, அதன்மேல் கொழுப்பில் ஊறிய கம்பளி வட்டு, பிறகு 0.454 அங்குல ஈயக்குண்டு. நெம்புகோலால் அழுத்தும்போது அறையின் விளிம்பு ஈயத்தை வளையமாகச் சீவ வேண்டும். வளையம் வராவிட்டால் குண்டு சிறியது. பக்கத்து அறைகளுக்கும் தீ பரவலாம். மருந்துக்கும் குண்டுக்கும் நடுவே இடைவெளி கூடவே கூடாது. ஆறு அறைகளில் ஐந்தை மட்டும் நிரப்பி, காலி அறைமேல் சுத்தியலை இறக்குகிறேன். கேப் எப்போதும் கடைசியில்தான், அதுவும் சுடும் இடத்தில் நின்ற பிறகு.

வீட்டுக்கு வந்ததும் சுடுதண்ணீரும் சோப்பும். கருமருந்துக் கரி ஈரத்தை இழுக்கும், ஒரே இரவில் துரு பிடித்துவிடும்.