கழனிக் கிணறும் ஒன்றரை வயதுக் குழந்தையும்: என்ன தடுப்பு செய்யலாம்?

கேள்வி (அணைக்கட்டு):
வணக்கம். கோடை விடுமுறைக்குப் பிள்ளைகளுடன் அணைக்கட்டு அருகிலுள்ள என் மாமனார் வீட்டில் தங்கவிருக்கிறோம். வீட்டை ஒட்டிய கழனியில் சுற்றுச்சுவர் இல்லாத தரைமட்டக் கிணறும், பம்புசெட் தண்ணீர் விழும் தொட்டியும், கைவிடப்பட்ட ஆழ்துளைக் கிணறு ஒன்றும் உள்ளன. இளையவளுக்கு ஒன்றரை வயது, மூத்தவனுக்கு எட்டு. ஆயா பார்த்துக்கொள்வார் என்று வீட்டார் கூறினாலும் என் மனம் ஒப்பவில்லை. என்ன செய்யலாம்?

பதில் (செவிலியர், வேலூர்):
சகோதரி, உங்கள் அச்சம் நியாயமானது. ஆயாவின் அன்பில் குறையில்லை; ஆனால் பால் பொங்கினால் அவர் அடுப்பின் பக்கம் திரும்பத்தான் வேண்டும், தத்தி நடக்கும் குழந்தை தொட்டியை அடைய அந்த நேரமே போதும். நீரில் விழுந்த குழந்தை பெரும்பாலும் சத்தமே இல்லாமல் மூழ்கிவிடும் என்பதால், அழுகுரல் கேட்கும் என்று நம்பியிருக்கக் கூடாது. வாசலுக்கு இடுப்பளவு படல் வைத்து, கொக்கியை வெளிப்புறம் எட்டாத உயரத்தில் மாட்டுங்கள். குளியலறை வாளியையும் அன்னக்கூடையையும் கவிழ்த்தே வையுங்கள். சில அங்குலத் தண்ணீரே இந்த வயதுக்கு ஆபத்து.

பதில் (விவசாயி, ஒடுகத்தூர்):
சுவர் எழுப்ப நாளாகும் என்றால், அதுவரை கல்தூண் நட்டு, அடியில் சந்து விடாமல் கம்பிவலை கட்டி, படி இறங்கும் பக்கம் பூட்டுடன் கதவு வையுங்கள். முள்வேலியை மட்டும் நம்பாதீர்கள். ஆட்டுக்குட்டி நுழையும் சந்தில் குழந்தையும் நுழையும். தொட்டியை வேலை முடிந்ததும் வடித்துவிடுங்கள். மூத்தவனுக்கு நீச்சல் கற்றுக்கொடுங்கள், ஆனால் பெரியவர் துணையின்றி இறங்க விடாதீர்கள். கயிறு கட்டிய காலி கேன் ஒன்று கிணற்றடியில் தொங்கட்டும். யாரேனும் தத்தளித்தால் தானும் குதிக்காமல், அதை வீசிவிட்டுக் கூவி ஆள் அழைக்க அவனுக்குச் சொல்லிக்கொடுங்கள். காப்பாற்றப் போன பிள்ளையும் சேர்ந்து மூழ்குவதுதான் நம் பக்கம் அடிக்கடி நேரும் கொடுமை.

பதில் (செவிலியர், வேலூர்):
ஒன்றைச் சேர்க்கிறேன். மீட்ட குழந்தையைத் தலைகீழாகப் பிடித்துச் சுற்றுவதும் வயிற்றை அழுத்துவதும் கூடாது. மூச்சில்லை என்றால் உடனே வாயோடு வாய் வைத்து ஐந்து முறை ஊதி, பிறகு மார்பை 30 முறை அழுத்தி இருமுறை ஊதுவதைத் தொடர வேண்டும். அதற்குள் மற்றொருவர் 108-ஐ அழைக்கட்டும். தேறிவிட்டாலும் மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லுங்கள்.

பதில் (காட்பாடி):
அந்த ஆழ்துளைக் கிணற்றைச் சாக்கால் மூடி வைப்பது பாதுகாப்பே அல்ல. 2019 அக்டோபரில் மணப்பாறை அருகே இரண்டு வயதுக் குழந்தையை இழந்தது அப்படியொரு குழியில்தான். கைவிட்ட கிணற்றை அடியிலிருந்து தரைமட்டம் வரை மண்ணும் கல்லும் கொட்டி நிரப்ப வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2010-லேயே கூறியுள்ளது. பிள்ளைகள் ஊருக்கு வருமுன் உங்கள் மாமனார் அதை நிரப்பி முடிக்கட்டும்.